160 டயர் வண்டிக்குப் பின்னால்: வாசகர் கேள்வி – பதில்

எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்குப் போகும் கனரகச் சரக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் யார் என்று கேட்டவர்களுக்கு: ரிக்கிங், அதாவது கனமான பொருள்களைக் கட்டித் தூக்கி நகர்த்தும் வேலையில் ஹெல்பராகச் சேர்ந்து, சூப்பரின்டென்டாக ஓய்வு பெற்றவன். குஜராத்தின் ஹசீரா, காட்டுப்பள்ளி, ஓமன், கத்தார் என்று சுற்றியிருக்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

விராலிமலை வாசகர்: நெடுஞ்சாலையில் ராட்சத உருளை ஒன்றை ஏற்றிய வண்டி, மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போனது. பின்னால் மாட்டிக்கொண்டு நின்றேன். இதை ரயிலில் அனுப்பக் கூடாதா? இவ்வளவு கனத்துக்கு ரோடு தாங்குமா?

முதலில் ரயில். நம் அகல ரயில் பாதையில் வண்டியும் சரக்கும் மூன்றேகால் மீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். நீங்கள் பார்த்த உருளையின் குறுக்களவு அதைவிட அதிகமாக இருந்திருக்கும். அதனால்தான் ரோட்டுக்கு வந்தது. எங்கள் பேச்சில் அதற்கு ‘ஓடிசி’ என்று பெயர், அளவு மீறிய சரக்கு.

ரோட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைட்ராலிக் ட்ரெய்லரில் ஒரு அச்சு வரிசைக்கு 8 டயர். அந்த வரிசையில் 18 டன் இறங்கினால் ஒரு டயருக்கு இரண்டேகால் டன். சாதாரண லாரியின் பின் அச்சில் 4 டயர், சட்டம் அனுமதிக்கும் சுமை 11.5 டன். ஒரு டயருக்கு ஏறக்குறைய 2.9 டன் வருகிறது. அதாவது உங்கள் ஊர் வழியாகத் தினமும் மணல் ஏற்றிப் போகும் லாரி, அந்த ராட்சத வண்டியைவிட ரோட்டை அதிகமாக அழுத்துகிறது. ஓவர்லோடு வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாலம்தான் வேறு கதை. டயருக்கு எவ்வளவு என்று ரோடு பார்க்கும். மொத்தமாக என் மேல் எவ்வளவு நிற்கிறது என்று பாலம் பார்க்கும். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 6 விதிகளில் இதற்கென்றே ஒரு வண்டி வரையறுக்கப்பட்டிருக்கிறது: 20 அச்சு ட்ரெய்லர், அச்சுக்கு 18 டன், முன்னால் இழுக்கும் புல்லரையும் சேர்த்து மொத்தம் 385 டன். அது பாலத்தில் ஏறும்போது வேறு எந்த வண்டியும் பாலத்தில் இருக்கக் கூடாது. வேகம் 5 கிலோமீட்டருக்குமேல் போகக் கூடாது. பாலத்தின் நடுக்கோட்டிலிருந்து 300 மில்லிமீட்டருக்குமேல் விலகக் கூடாது. பாலத்தில் பிரேக் போடுவதும் ஆகாது. நீங்கள் பின்னால் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பழைய பாலங்கள் இந்த அளவுக்குக் கட்டப்பட்டவை அல்ல. அங்கே ஆற்றில் இறங்கித் தற்காலிகப் பாதை போட்டுத்தான் கடப்போம். ராஜஸ்தானில் பச்பத்ரா சுத்திகரிப்பு ஆலைக்கு முந்த்ரா துறைமுகத்திலிருந்து ரியாக்டர்கள் (எண்ணெயை உள்ளே வைத்து வேதிமாற்றம் செய்யும் உருளைகள்) போனபோது, பாலம் தாங்காத இடங்களில் பக்கத்திலேயே பாதை அமைத்துத்தான் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் ஆனது.

ராத்திரியில் போகக் கூடாதா என்றால், நகரத்துக்குள் ராத்திரியில்தான் போகிறோம். ஊருக்கு வெளியே எனக்குப் பகல்தான் பிடிக்கும். மின்கம்பியைத் தூக்கிப் பிடிப்பவனுக்குக் கண் தெரிய வேண்டும்.

திருவெறும்பூர் பாலிடெக்னிக் மாணவி: ஏன் ஒரே துண்டாகக் கொண்டுபோக வேண்டும், சார்? நான்கு துண்டாகக் கொண்டுபோய் ஆலையில் வெல்டிங் செய்தால் பாலத்துக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது இல்லையா?

வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. மெல்லிய தகடு என்றால் நீங்கள் சொல்வதைத்தான் செய்கிறோம். பெரிய டேங்க்குகள் எல்லாம் தகடாகப் போய் சைட்டில் எழுபவைதான். ஆனால் கனமான எண்ணெயை உடைத்து லேசாக்கும் ஹைட்ரோகிராக்கர் ரியாக்டர் வேறு ஜாதி. உள்ளே 400 டிகிரி சூடு, நூறு இருநூறு பார் அழுத்தம், அதோடு ஹைட்ரஜன். அதற்குக் குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கலந்த எஃகு. சுவர் ஒரு சாண் கனத்துக்கும்மேல் இருக்கும். உள்பக்கம் முழுவதும் துருப்பிடிக்காத எஃகை வெல்டிங்கால் பூச வேண்டும். வெல்டிங் முடிகிறவரை சூடு இறங்க விடக் கூடாது. கடைசியில் சுமார் 700 டிகிரியில் உலையில் வைத்து எடுக்க வேண்டும். வெட்டவெளியில், மழைக்கும் காற்றுக்கும் நடுவில், நின்ற நிலையில் இதைச் செய்து பாருங்கள் மகளே. செய்தே ஆக வேண்டிய இடங்களில் செய்திருக்கிறார்கள், ஆனால் யாரும் விரும்பிச் செய்வதில்லை.

அதனால்தான் இந்தத் தொழிற்சாலைகள் தண்ணீர் ஓரமாக இருக்கின்றன. எல் அண்ட் டி ஹசீராவில் தபதி ஆற்றோரம் உட்கார்ந்திருப்பது காற்று வாங்க அல்ல. விசாகப்பட்டினம் ஹெச்பிசிஎல் ஆலைக்கு அங்கே செய்யப்பட்ட ரியாக்டர்கள் ஒவ்வொன்றும் சுமார் 2,200 டன். ரோட்டில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கத்தாரில் ராஸ் லஃபானில், எரிவாயுவைத் திரவ எரிபொருளாக்கும் பேர்ல் ஜிடிஎல் ஆலையில் 24 ரியாக்டர்கள், ஒவ்வொன்றும் 1,200 டன். எல்லாம் கப்பலில் வந்தவை.

பழவேற்காடு வாசகர்: காட்டுப்பள்ளிப் பக்கம் கரையில் பல மாடி உயரத்துக்கு ஒரு இரும்புக் கட்டடம் நின்றது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பார்ஜ் (தட்டையான சரக்குத் தோணி) மேல் நிற்கிறது. நடுவில் என்ன செய்தார்கள்? பார்ஜ் எப்படிக் கவிழாமல் நின்றது?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி. இதற்குப் பெயர் லோடு-அவுட். என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் எடை போடுவார்கள். வரைபடத்தில் ஒரு எடை இருக்கும். ஆனால் கட்டும்போது ஒருவர் ஒரு குழாயைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் சாரத்தை இறக்காமல் விட்டிருப்பார். ஆகவே அடியில் ஜாக் வைத்து, எடை காட்டும் லோடு செல் பொருத்தி, உண்மையிலேயே தூக்கிப் பார்ப்பார்கள். மொத்த எடை எவ்வளவு என்பதைவிட, எடையின் மையம் எங்கே விழுகிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

அப்புறம் எஸ்பிஎம்டி என்ற வண்டிகள் அடியில் நுழையும். இவற்றுக்கு டிரைவர் சீட் கிடையாது. ஒருவர் கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தே ஓட்டுவார். 6 அச்சுள்ள ஒரு வண்டிக்கு 24 டயர். ஒவ்வொரு ஜோடிச் சக்கரமும் தனியாகத் திரும்பும், அதனால் பக்கவாட்டில்கூட நகரும், நின்ற இடத்திலேயே சுற்றும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹைட்ராலிக் ஜாக் உண்டு. வண்டியின் முதுகு சுமார் 700 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். 3,000 டன் கட்டடம் என்றால் நூறு, நூற்றிருபது அச்சு வரிசைகளைச் சேர்த்துப் பூட்டுவார்கள். எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குக் கட்டுப்படும். முதுகை உயர்த்தினால் கட்டடம் தாங்கிகளை விட்டு எழும்பிவிடும். கிரேனே கிடையாது.

இனி பார்ஜ். அதன் பின்பக்கத்தைக் கரையோடு ஒட்டவைத்து, வடத்தால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் எஃகுத் தகட்டில் சின்னப் பாலம். 100 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள பார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 டன்னைச் சமமாக வைத்தால் அது சுமார் ஒரு மீட்டர் அமிழும். ஆனால் கட்டடம் சமமாகவா ஏறுகிறது? முதலில் ஒரு ஓரத்தில் மட்டும் ஏறுகிறது. அப்போது அந்த ஓரம் அமிழும், மறு ஓரம் தூக்கும். கரைக்கும் பார்ஜுக்கும் நடுவே படி போல உயர வித்தியாசம் வந்துவிடும். அது நடக்கக் கூடாது. பார்ஜின் வயிற்றில் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. சுமை ஏற ஏற, ஏறும் பக்கத்துத் தொட்டிகளிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவார்கள். சில அச்சு வரிசைகள் ஏறும், நிறுத்துவார்கள். பம்ப் ஓடும். சர்வேயர் மட்டம் பார்ப்பார். சரி என்றால் அடுத்த அடி. மட்டத்தில் சின்ன வித்தியாசம் வந்தால் அந்த 700 மில்லிமீட்டர் ஜாக் அசைவு அதைச் சரிக்கட்டும்.

இதற்கிடையில் கடல் சும்மா இருக்காது. ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும்போது தொடங்கினால் கடலே நமக்காகப் பார்ஜைத் தூக்கிக் கொடுக்கும். வற்றும்போது தொடங்கினால் அதோடு சண்டை போட வேண்டும். நம் சென்னைக் கரையில் ஓத வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான், சமாளித்துவிடலாம். ஹசீரா இருக்கும் காம்பே வளைகுடாவில் அது பல மீட்டர். அங்கே ஓத அட்டவணைதான் முதலாளி. விடியற்காலை 3 மணிக்கு என்றால் 3 மணிக்குத்தான், மந்திரி வந்தாலும் மாறாது. பம்ப் பழுதானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாற்றுப் பம்ப் ஏற்கெனவே ஓட்டிப் பார்க்கப்பட்டுத் தயாராக நிற்கும். அது இல்லாவிட்டால் மரைன் வாரன்டி சர்வேயர் கையெழுத்துப் போட மாட்டார். காப்பீட்டுக்காரர்களுக்காக வந்து நிற்கும் மனிதர் அவர். கட்டடம் கட்டிய கம்பெனியே கெஞ்சினாலும், அவர் கையெழுத்தில்லாமல் ஒரு சக்கரம் நகராது. சைட்டில் அவரைத் திட்டாத ஆள் கிடையாது. எனக்கு அவரைப் பிடிக்கும்.

லோடு-அவுட் நடக்கும்போது வாக்கிடாக்கியில் கட்டளை சொல்வது ஒரே குரல்தான், லோடு மாஸ்டர். ஆனால் ‘ஸ்டாப்’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், டீ கொடுக்க வந்த பையன்கூட. சொன்னால் நிற்கும். ஏன் சொன்னாய் என்று அப்புறம்தான் கேட்போம்.

ஏறியதும் வேலை முடியவில்லை. கடலில் ஆட்டம் இருக்குமே. கட்டடத்தின் கால்களைப் பார்ஜின் தளத்தோடு எஃகுத் தாங்கிகள் வைத்து வெல்டிங் செய்து, ஒவ்வொரு வெல்டிங்கையும் சோதிப்பார்கள். மும்பை ஹை போன்ற கடல் எண்ணெய் வயலுக்குப் போனதும் இதற்குத் தலைகீழ்: ஏற்கெனவே கடலில் நிற்கும் கால்களுக்கு நடுவே பார்ஜ் நுழையும், தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிப் பார்ஜைத் தாழ்த்துவார்கள், கட்டடம் கால்களின் மேல் உட்காரும், பார்ஜ் வெளியே நழுவிவிடும். மேற்குக் கடலில் பருவமழை தொடங்கினால் இந்த வேலை நடக்காது. அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் அப்படிப் பறக்கிறார்கள்.

திருவாரூர் வாசகி: ஆழித்தேரை ஆட்கள் இழுக்கும்போது இவ்வளவு பெரிய இயந்திரங்கள் எதற்கு என்று என் மாமனார் கேட்கிறார்.

பெரியவருக்கு என் வணக்கம். ஆழித்தேர் அலங்காரத்தோடு சுமார் 300 டன் என்று சொல்வார்கள். அதை முனையில் திருப்ப, சக்கரத்தடியில் இரும்புத் தகடு போட்டு வழுக்கவிடுகிறார்களே, அதே வேலையை நாங்களும் செய்கிறோம். எஃகு உத்தரத்தின் மேல் டெஃப்லான் பட்டை, தள்ளுவதற்கு ஜாக். அதற்கு ஸ்கிட்டிங் என்று பெயர். தேரை நிறுத்த இன்று திருச்சி பெல் நிறுவனம் பொருத்திக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

குவைத்திலிருந்து ஒரு வாசகர்: 500 டன் கிரேன் 100 டன்னைத் தூக்கும்போது எப்படிக் கவிழும்? எங்கள் கேம்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம்.

500 டன் என்பது கிரேனின் பெயர், அவ்வளவுதான். கொக்கி கிரேனுக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டும் உள்ள கணக்கு அது. தூரம் கூடக்கூடத் தூக்கும் திறன் மளமளவென்று சரியும். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துப் பேசுகிறவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள்.

இரண்டாவது, தரை. சார்ட்டில் எழுதியிருப்பதெல்லாம் தரை கெட்டியாக, மட்டமாக இருந்தால்தான். போன மாதம் பைப் புதைத்து மூடிய பள்ளத்தின் மேல் கிராலர் (சங்கிலிப் பட்டையில் ஓடும் கிரேன்) ஏறினால் சார்ட் என்ன செய்யும்? பழைய ஆலைகளில் கீழே என்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை வாங்குவதற்கே நான் பல நாள் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறேன். மூன்றாவது காற்று. 1999 ஜூலையில் அமெரிக்காவின் மில்வாக்கியில் விளையாட்டு அரங்கத்தின் கூரைத் துண்டைத் தூக்கிய பெரிய கிரேன் விழுந்து 3 பேர் இறந்தார்கள். கிரேன் தாங்கும் காற்று வேறு. தொங்குகிற அகலமான பொருள் கப்பல் பாயாக மாறி வாங்கும் காற்று வேறு. அங்கே அந்த இரண்டாவது கணக்கு விட்டுப்போனது. எண்ணெய் ஆலைகளில் தூக்குகிற உயரமான கோபுரங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கஜகஸ்தான், அத்திராவிலிருந்து ஒரு வாசகர்: தெங்கிஸ் எண்ணெய் வயலுக்குக் கொரியாவில் மாட்யூல் (ஆலையின் பெரிய துண்டு) கட்டி எதற்குக் கொண்டுவந்தார்கள்? இங்கேயே கட்டியிருக்கலாமே அண்ணே?

கொஞ்சம் அங்கேயும் கட்டினார்கள் தம்பி. ஆனால் அங்கே குளிர்காலத்தில் திறந்தவெளியில் வெல்டிங் செய்து பார்த்தவர் நீங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. கொரியக் கப்பல் கட்டும் தளத்தில் கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான ஆட்கள் செய்வதைப் பாலைவெளியில் செய்ய ஆள் எங்கே போவது, தங்க இடம் எங்கே போவது?

சிக்கல் வேறு இடத்தில். காஸ்பியன் கடலுக்குப் பெருங்கடலோடு தொடர்பு கிடையாது. ரஷ்ய ஆறுகள், கால்வாய்கள் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். 1952-இல் திறந்த வோல்கா-டான் கால்வாயில் கப்பலைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் 13 மதகுப் பூட்டுகள் இருக்கின்றன. பூட்டின் அகலம் 18 மீட்டர்தான். குளிர்காலத்தில் உறைந்து மூடிவிடும். ஆகவே மாட்யூலின் அளவை எண்ணெய்ப் பொறியாளர் முடிவு செய்யவில்லை, பூட்டின் சுவர் முடிவு செய்தது. கடலோரம் ப்ரோர்வாவில் இதற்காகவே கால்வாய் தோண்டித் தளம் அமைத்து, அங்கிருந்து எஸ்பிஎம்டியில் ஏற்றினார்கள். ஒரு மாட்யூல் இரண்டு வாரம் தாமதமானால் பனி விழுந்து அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டியதுதான். ரஷ்யாவின் யமால் எரிவாயு ஆலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 142 மாட்யூல்கள், நேரே ஆர்க்டிக் கடலோரத்தில் சபெட்டாவுக்கு வந்தன. ஆனால் அங்கே பனியை உடைத்துக்கொண்டு போகிற மாட்யூல் கப்பல்கள் தேவைப்பட்டன.

தூத்துக்குடி பள்ளி மாணவர்: உலகத்திலேயே பெரிய சரக்கைத் தூக்கும் கப்பல் எது?

தூக்குவது என்றால் பயனியரிங் ஸ்பிரிட். 2017-இல் வடகடலில் பிரென்ட் டெல்டா மேடையின் மேற்கட்டடத்தை, 24,000 டன்னுக்கும்மேல், ஒரே தூக்கில் எடுத்தது. சுமப்பது என்றால் போக்கா வான்கார்ட். 275 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அதன் தளத்தைத் தானே தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொள்ளும். மிதக்கிற சரக்கை மேலே இழுத்து வைத்த பிறகு எழும்பும். 2015-இல் 64,000 டன் கோலியாத் எண்ணெய் மேடையைக் கொரியாவிலிருந்து நார்வேக்குக் கொண்டுபோனது.

ஐடிஐ முடித்த இளைஞர், ராமநாதபுரம்: ரிக்கராக வளைகுடா போக ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அதற்குமேல் கேட்பவரை அரசின் ஈ-மைக்ரேட் இணையதளத்தில் தேடுங்கள், பெரும்பாலும் பெயரே இருக்காது.

சவூதி எண்ணெய் சைட்டுகளில் ரிக்கருக்கு மூன்று படி உண்டு. மூன்றாம் படியில் சேர்ந்து, தேர்வு எழுதி மேலே வர வேண்டும். முதல் படிக்காரருக்குத்தான் ஆபத்தான தூக்கல்களில் கைவைக்க அனுமதி. போவதற்கு முன் ஒன்று மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். இரண்டு ஸ்லிங்கில் (தூக்கும் கயிறு) 10 டன்னைத் தூக்குகிறீர்கள். ஸ்லிங் படுக்கைக் கோட்டுக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் 5.8 டன். 45 டிகிரி என்றால் 7.1 டன். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழுசாக 10 டன். சுமை அதேதான், ஸ்லிங்தான் அறுந்துபோகும். இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள்.

மணலி வாசகர்: இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் பூசணிக்காய் உடைக்கிறீர்களே?

உடைக்கிறோம். எலுமிச்சம்பழமும் உண்டு. கொரியாக்காரர்கள் பன்றித் தலை வைத்து வணங்குவதைப் பார்த்திருக்கிறேன், நம்முடையது சிக்கனம். ஆனால் என் சைட்டில் பூசணிக்காயை வண்டி போகிற பாதையில் உடைக்க விட்டதில்லை. ரிமோட்காரர் பின்பக்கமாக நடப்பவர், சறுக்கினால் யார் பொறுப்பு?

மன்னார்குடி விவசாயி: எங்கள் ஊர் வழியாக எண்ணெய்க் கிணற்றுக்கு ரிக் (துளையிடும் இயந்திரம்) சாமான்கள் ட்ரெய்லரில் போகின்றன. வாய்க்கால் மதகு விரிசல் விட்டிருக்கிறது. முன்பே இருந்த விரிசல் என்கிறார்கள். என்ன செய்வது?

டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். ஆனாலும் முன்பே இருக்கிற கிணறுகளுக்கு ரிக் வந்து போகிறது, மதகு அடி வாங்குகிறது.

முறையான கம்பெனி வண்டியை அனுப்புவதற்கு முன் ரூட் சர்வே செய்யும். ஒவ்வொரு மதகையும் படம் எடுத்து, அகலம் அளந்து, அச்சுச் சுமையோடு சேர்த்து அறிக்கை எழுதும். அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். பஞ்சாயத்து ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா என்று பார்த்து, அந்த அலுவலகம் வழியாக எழுத்தில் கேளுங்கள். அறிக்கையில் உங்கள் மதகின் படம் இருந்தால் விரிசல் முன்பே இருந்ததா என்பது தெரிந்துவிடும். படம் இல்லை என்றால் அவர்கள் பார்க்காமலே வண்டியை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

அடுத்த வண்டி வருவதற்குள் நீங்களும் படம் எடுத்துவிடுங்கள். மதகின் இரண்டு பக்கச் சுவர், அடிப்பகுதி, பக்கத்தில் அன்றைய செய்தித்தாள். மதகின் மேல் கனமான எஃகுத் தகடு போட்டுச் சுமையைப் பரப்பச் சொல்லலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் சிமென்ட் குழாய் புதைத்துத் தற்காலிகப் பாதை போடச் சொல்லலாம், குழாய் தண்ணீரை மறிக்காத அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டும் அவர்களுக்குப் பழக்கமான வேலைதான், செலவும் பெரிதில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குழாய் புதைக்க முடியாது. ஆகவே ஜூனுக்கு முன்னால் கேளுங்கள்.